பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லையா? பதறாமல் பழுது காண ஏழு கேள்விகள்



பெங்களூரு அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று வழங்கப்பட்ட பகுதி. கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் செயற்பொறியாளராக இருந்த மர்பியின் பெயர் பின்னாளில் அதற்குச் சூட்டப்பட்டது. தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அப்பகுதியின் சந்தையையொட்டிய தெருக்களில் சிறு வணிக நிறுவனங்கள் பல இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று, நமது வங்கியில் கேஷ் கிரெடிட் கடன் பெற்றுள்ள ஒரு மின்சாதன மொத்த விற்பனை நிறுவனம். அந்நிறுவனத்தின் சரக்கிருப்பைப் பார்வையிட ஒரு நாள் மாலை நான் சென்றிருந்தேன்.

கிடங்கில் சரக்கு அடுக்குகள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் மாதாந்திர சரக்கிருப்பு அறிக்கை மட்டும் வந்து சேரவில்லை. காரணம் கேட்டபோது உரிமையாளர் கையை விரித்தார்.

“அறிக்கை தயாராகத்தான் இருக்கிறது சார். கணக்கர் அறைக் கம்ப்யூட்டரில் சரக்குக் கணக்கு, பில்லிங் கம்ப்யூட்டரில் வரவேண்டிய பாக்கி. இரண்டையும் சேர்த்தால்தானே அறிக்கை? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியவில்லை. நான்கு நாளாக இதே கதைதான்.”

நான் வணிகவியல் பட்டதாரி. கணினிப் பொறியாளன் அல்லன். எனினும், கிளை அலுவலகங்களில் இருபது ஆண்டுகளாகக் கணினிகளோடு பழகியதில், பழுது காண்பதற்கும் கணக்குத் தணிக்கைக்கும் முறை ஒன்றே என்பதைக் கற்றிருக்கிறேன். ஐந்தொகை ஒத்துப்போகாதபோது நாம் பேரேட்டைக் கிழித்தெறிவதில்லை. வரிசையாகச் சரிபார்த்து, எந்த இடத்தில் பிசகு நேர்ந்தது என்று காண்கிறோம். பகிர்வுக் கோப்புறைக்கும் அவ்வழியே போதும். அதனை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு பழுது, பெரிய விளைவு

கோப்புறை ஒன்று திறக்காததற்கு வங்கி அலுவலர் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற வினா எழலாம். கேஷ் கிரெடிட் கணக்கில் நீங்கள் எடுக்கத்தக்க தொகை, அனுமதிக்கப்பட்ட வரம்பை மட்டும் பொறுத்ததன்று. கையிலுள்ள சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றிலிருந்து கொடுக்க வேண்டிய பாக்கியையும் விளிம்புத் தொகையையும் கழித்து, எடுப்புத் தகுதி கணக்கிடப்படுகிறது. அதற்கு அடிப்படை, நீங்கள் அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையே.

ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, மூன்று மாதங்களுக்கு மேல் பழமையான அறிக்கையின் அடிப்படையில் எடுக்கப்படும் தொகை முறையற்றதாகக் கருதப்படும். அந்நிலை தொடர்ந்து 90 நாட்கள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். வணிகம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே, தாள் வந்து சேராத காரணத்தால் ஒரு கணக்கு அந்நிலையை அடைவது வருந்தத்தக்கது. சரக்கு மற்றும் சேவை வரி விவரங்களுக்கும் இதே நெருக்கடி உண்டு. மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரத்திற்கு 11-ஆம் தேதியும், சுருக்க விவரத்திற்கு 20-ஆம் தேதியும் வழக்கமான கெடு நாட்கள். கணினி ஒத்துழைக்கவில்லை என்பதற்காகக் கெடு நாள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பகிர்வுக் கோப்புறை இயங்கும் விதம்

ஓர் அலுவலகத்தில் நான்கு கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றில் உள்ள கோப்புறையை மற்ற மூன்றும் தம்முடையதைப் போலவே பயன்படுத்துவதற்குப் பகிர்வு என்று பெயர். கோப்புறையை வைத்திருக்கும் கணினியை வழங்கி என்றும், கேட்டுப் பெறும் கணினியைப் பெறுநர் என்றும் கொள்ளலாம். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் மொழி எஸ்.எம்.பி. எனப்படும். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவரால் உருவாக்கப்பட்ட இம்முறை, பலமுறை திருத்தப்பட்டு, இன்று விண்டோஸ் கணினிகளில் மூன்றாம் தலைமுறையாக வழங்குகிறது. வழங்கிக் கணினியின் 445 என்னும் எண்ணுடைய வாயில் வழியே இப்பேச்சு நடைபெறுகிறது.

ஒருவர் கோப்பைக் கேட்டுப் பெறுவதற்குள் பல படிகள் உள்ளன: வழங்கி விழித்திருக்க வேண்டும், இருவரும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும், முகவரி சரியாக இருக்க வேண்டும், வாயிற்காவலர் உள்ளே விட வேண்டும், வந்தவர் யாரென்று தெரிய வேண்டும், அவருக்கு உரிமை இருக்க வேண்டும், கோப்பு வேறொருவர் கையில் இல்லாதிருக்க வேண்டும். இந்த வரிசையிலேயே கேள்விகளைக் கேட்டுச் சென்றால், விடை ‘இல்லை’ என்று வரும் இடத்தில் பழுது இருக்கிறது.

முதற்கேள்வி: வழங்கி விழித்திருக்கிறதா?

மிக எளிய காரணத்தையே நாம் கடைசியில் பார்க்கிறோம். கோப்புறை உள்ள கணினியில் சிறிது நேரம் எவரும் வேலை செய்யாவிடில் அது உறக்க நிலைக்குச் சென்றுவிடும். கணக்கர் மதிய உணவுக்குச் சென்றிருக்கும் வேளையில் மட்டும் கோப்புறை திறக்கவில்லை என்றால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். வழங்கிக் கணினியின் ‘பவர்’ அமைப்பில் உறக்கத்தை ‘நெவர்’ என்று மாற்றி வைத்தல் போதுமானது. திரை மட்டும் அணையலாம், கணினி உறங்கலாகாது. மின்தடைக்கு யு.பி.எஸ். இணைப்பு இருப்பது நலம். கோப்பு எழுதப்படும் நடுவில் மின்சாரம் நின்றால் கணக்குத் தரவே பழுதாகக்கூடும்.

இரண்டாம் கேள்வி: இருவரும் ஒரே வலையமைப்பில் உள்ளனரா?

இரு கணினிகளிலும் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் வலையமைப்பின் பண்புகளைத் திறந்து, ‘ஐ.பி.வி.4 அட்ரஸ்’ என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறு அலுவலகங்களில் அது 192.168.1.14 என்பது போல நான்கு பகுதிகளாக இருக்கும். முதல் மூன்று பகுதிகளும் இரு கணினிகளிலும் ஒன்றாக இருந்தால், வழக்கமாக இருவரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள் என்று பொருள்.

ஒன்றில் 192.168.0 என்றும் மற்றதில் 192.168.1 என்றும் இருந்தால் இருவரும் வெவ்வேறு தெருக்களில் உள்ளனர். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியோடு, வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிய இரண்டாவது ரவுட்டரையும் இணைக்கும் அலுவலகங்களில் இது அடிக்கடி நேர்கிறது. இரண்டாவது ரவுட்டர் தனியொரு வலையமைப்பை உருவாக்கிவிடுகிறது. அதனை ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் எல்லாக் கணினிகளும் ஒரே வலையமைப்பில் வந்து சேரும்.

எண் 169.254 என்று தொடங்கினால், அக்கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று கொள்க. கம்பி, அதன் முனை, சுவிட்ச் பெட்டியின் விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். மேலும், ‘கெஸ்ட்’ எனப்படும் விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினிக்கு இணையம் கிடைக்கும். பக்கத்துக் கணினி கிடைக்காது. அது பழுதன்று; விருந்தினரை அலுவல் கணினிகளிலிருந்து விலக்கி வைப்பதற்கான ஏற்பாடு.

மூன்றாம் கேள்வி: முகவரி சரிதானா?

பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பழைய எண், புதிய எண் என்னும் சங்கடம் தெரியும். கணினிகளுக்கும் அதே சங்கடம் உண்டு. ரவுட்டர் கொடுக்கும் முகவரி நிலையானதன்று; ரவுட்டர் மாறினாலோ, நெடுநாள் அணைத்து வைத்துப் பின் இயக்கினாலோ எண் மாறக்கூடும். நாம் திரையில் வைத்துள்ள குறுக்குவழியோ பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. பெறுநர் கணினியில் ‘ரன்’ பெட்டியைத் திறந்து, இரண்டு பின்சாய்வுக் கோடுகளுக்குப் பின் வழங்கியின் இன்றைய எண்ணை இடுங்கள்; எடுத்துக்காட்டாக, \\192.168.1.14 என்று. அவ்வாறே வழங்கியின் பெயரை இட்டும் பாருங்கள். எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லை என்றால், பழுது பெயரைக் கண்டறிவதில் மட்டுமே உள்ளது. கோப்புறையிலோ உரிமையிலோ இல்லை. இரண்டாலும் திறந்து குறுக்குவழியால் மட்டும் திறக்கவில்லை என்றால், குறுக்குவழியை நீக்கிப் புதிதாக அமைத்தால் போதும். நிலையான தீர்வாக, வழங்கிக் கணினிக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தருமாறு ரவுட்டரில் ஒதுக்கீடு செய்துவிடலாம்.

நான்காம் கேள்வி: வாயிற்காவலர் விடுகிறாரா?

விண்டோஸ் ஒவ்வொரு வலையமைப்பையும் ‘பிரைவேட்’, ‘பப்ளிக்’ என இரு வகையாகக் கருதுகிறது. விமான நிலையத்தில் கிடைக்கும் வைஃபை போன்றவை ‘பப்ளிக்’. அங்கு நம் கணினி தன்னை மறைத்துக்கொள்வதே முறை. புதிய ரவுட்டரில் முதன்முறை இணையும்போது விண்டோஸ் பெரும்பாலும் அதனையும் ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது ஃபயர்வால் எனப்படும் வாயிற்காவலர் 445-ஆம் வாயிலை அடைத்துவிடுவார். நம் அலுவலகத்துச் சொந்த வலையமைப்பாயின் அதனை ‘பிரைவேட்’ என மாற்றி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ ஆகிய இரண்டையும் அவ்வகைக்கு மட்டும் இயக்கி வைக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள் சிலவற்றில் தனியொரு ஃபயர்வாலும் உண்டு. அதிலும் இவ்வலையமைப்பு நம்பகமானதென்று குறிக்க வேண்டும். இவற்றைச் செய்தால் ஃபயர்வாலை நிறுத்த வேண்டிய தேவையே எழாது.

ஐந்தாம் கேள்வி: வந்திருப்பவர் யார்?

வலையமைப்பு வழியே வருபவரிடம் வழங்கி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். இங்கு நால்வகைப் பிழைகள் பொதுவானவை.

1. கணினியைத் திறக்க நாம் நாள்தோறும் இடும் பின் எண், அக்கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் அது செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே இட வேண்டும். பின் எண்ணுக்குப் பழகியவர்கள் கடவுச்சொல்லை மறந்திருப்பது இயல்பு.

2. கடவுச்சொல்லே இல்லாத கணக்கைக் கொண்டு வலையமைப்பு வழியே நுழைவதை விண்டோஸ் இயல்பாகவே மறுக்கும்.

3. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பெறுநர் கணினி பழையதையே நினைவில் வைத்து அனுப்பிக்கொண்டிருக்கும். ‘கண்ட்ரோல் பேனல்’ வழியே ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதிக்குச் சென்று, வழங்கியின் பெயரிலுள்ள பழைய பதிவை நீக்கிவிட்டு மீண்டும் நுழைய வேண்டும்.

4. ஒரு பெறுநர் கணினியிலிருந்து ஒரே நேரத்தில் ஒரே வழங்கிக்கு இரு வேறு பயனர் பெயர்களில் செல்ல இயலாது. 1219 என்ற பிழை எண் தோன்றினால் இதுவே காரணம். முந்தைய இணைப்பைத் துண்டித்து, கணினியை மீளத் தொடங்கிய பின் முயல்க.

ஆறாம் கேள்வி: அவருக்கு என்ன உரிமை?

நமது வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தைப் பயன்படுத்துவோர் அதனைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும் என்பதை அறிவர். வங்கியின் சாவி மட்டும் இருந்தாலும் திறவாது. வாடிக்கையாளரின் சாவி மட்டும் இருந்தாலும் திறவாது. பகிர்வுக் கோப்புறையும் அவ்வாறே. ‘ஷேரிங்’ பகுதியில் தரப்படும் பகிர்வு உரிமை ஒரு சாவி. ‘செக்யூரிட்டி’ பகுதியில் தரப்படும் கோப்பு உரிமை மற்றொரு சாவி. இரண்டும் அனுமதித்ததே நடக்கும். குறைவான உரிமையே செல்லுபடியாகும். பகிர்வில் எழுதும் உரிமை கொடுத்து, பாதுகாப்பில் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால், கோப்பு திறக்கும், சேமிக்க இயலாது. ‘பார்க்க முடிகிறது, மாற்ற முடியவில்லை’ என்று ஊழியர் கூறினால் முதலில் இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கு மென்பொருளுக்கும் இது பொருந்தும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாலி மென்பொருளின் தரவுக் கோப்புறையைப் பலர் பகிர்வில் வைத்திருக்கின்றனர். அதில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் எழுதும் உரிமை வேண்டும். மேலும், டாலி பிரைமில் ‘சில்வர்’ உரிமம் ஒற்றைப் பயனருக்கானது. ஒரே வலையமைப்பில் பலர் பயன்படுத்த ‘கோல்டு’ உரிமம் தேவை. உரிமத்தின் குறையைக் கோப்புறையின் பழுதென்று கருதி அலைய வேண்டாம்.

ஏழாம் கேள்வி: கோப்பு வேறொருவர் கையில் உள்ளதா?

எக்செல் கோப்பை ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது மற்றவருக்கு அது படிக்க மட்டுமே கிடைக்கும். யார் திறந்துள்ளார் என்பதை வழங்கிக் கணினியின் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழுள்ள ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியலில் காணலாம். கோப்பின் பாதை மிக நீண்டு 260 எழுத்துகளைத் தாண்டினாலும் பல மென்பொருள்கள் அதனைத் திறக்க மறுக்கும். கோப்புறைக்குள் கோப்புறையாகப் பத்து அடுக்குகள் வைக்கும் பழக்கத்தைத் தவிர்ப்பது நன்று. சாதாரண விண்டோஸ் 10, 11 கணினி ஒரே நேரத்தில் 20 இணைப்புகளை மட்டுமே ஏற்கும் என்பதையும் வளரும் நிறுவனங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பிழைச் செய்தி சொல்லும் குறிப்பு

திரையில் தோன்றும் செய்தியை மூடிவிடாமல் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 80070035 என்று முடியும் எண், வழங்கியை அடையவே முடியவில்லை என்பதைக் குறிக்கும். முதல் நான்கு கேள்விகளுள் விடை இருக்கும். 80070005 என்று முடியும் எண், அடைந்துவிட்டோம், ஆனால் அனுமதி மறுக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். ஐந்தாம், ஆறாம் கேள்விகளுக்குச் செல்க. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி நேரம் மிச்சமாகும்.

புதுப்பித்தலுக்குப் பின் திடீரென்று பழுது தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எஸ்.எம்.பி. முறையின் முதல் தலைமுறை புதிய கணினிகளில் நிறுவப்படுவதில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ‘புரோ’ வகைக் கணினிகள் கடவுச்சொல்லற்ற விருந்தினர் இணைப்பை இயல்பாக மறுக்கின்றன; ஒவ்வொரு செய்தியிலும் சரிபார்ப்புக் கையொப்பத்தையும் கோருகின்றன. ஆகவே பழைய சேமிப்புப் பெட்டிகளும், வருடிய தாளைக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய நகல் எந்திரங்களும் இணைய மறுக்கலாம். அச்சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பித்து, அதற்கெனக் கடவுச்சொல்லுடன் கூடிய கணக்கை அமைப்பதே வழி.

நோயினும் கொடிய மருந்து

மர்பி டவுன் அலுவலகத்தில் நான் கண்டது இதுதான். நான்கு நாட்களுக்கு முன் இணையப் பெட்டி மாற்றப்பட்டிருக்கிறது. மறுநாள் கோப்புறை திறக்கவில்லை. அழைக்கப்பட்ட பழுது பார்ப்பவர் முதலில் ஃபயர்வாலை நிறுத்தியிருக்கிறார், திறக்கவில்லை. கடவுச்சொல் பாதுகாப்பை எடுத்திருக்கிறார், திறக்கவில்லை. ‘எவ்ரிஒன்’ என்ற பெயரில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்திருக்கிறார், அப்போதும் திறக்கவில்லை. மறுநாள் வருவதாகக் கூறிச் சென்றவர் வரவில்லை. திறந்து விட்ட மூன்று கதவுகளும் அப்படியே கிடந்தன.

வாடிக்கையாளரின் கணினியில் நாங்கள் கை வைப்பதில்லை. ஆகவே நான் கேள்விகளை மட்டும் கேட்டேன். கணக்கராகப் பணிபுரியும் இளம்பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் கேள்வியில் விடை கிடைத்தது. குறுக்குவழியில் இருந்த எண் 192.168.0.10, வழங்கியின் அன்றைய எண் 192.168.1.14. புதிய எண்ணை இட்டதும் கோப்புறை திறந்தது. “இவ்வளவுதானா சார்?” என்றார் அவர். தபால் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது; அதற்காக வீட்டின் கதவுகளை எல்லாம் பெயர்த்து வைத்திருந்தார்கள்.

அவ்வாறு பெயர்த்து வைப்பதன் ஆபத்தை 2017 மே 12 அன்று உலகம் கண்டது. ‘வான்னாகிரை’ என்னும் பிணைப்பணத் தீநிரல், எஸ்.எம்.பி. முதல் தலைமுறையில் இருந்த ஓட்டையின் வழியே, 445-ஆம் வாயில் திறந்திருந்த கணினியிலிருந்து கணினிக்கு யாரும் எதையும் சொடுக்காமலேயே தாவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும், கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது என்பதே இதில் வருந்தத்தக்க செய்தி. இரண்டு மாத அவகாசம் இருந்தும் திருத்தத்தை நிறுவாதவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. கணக்குக் கோப்புறையை அத்தகைய கணினியில் வைத்திருப்போர் விரைவில் மாற்று ஏற்பாடு செய்தல் வேண்டும்.

செய்யத்தக்கவையும் தகாதவையும்

* பழுது காணும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்க. பயன் தராவிடில் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே அடுத்ததைத் தொடுக. செய்த மாற்றங்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க.

* ஃபயர்வாலை நிறுத்துதல், கடவுச்சொல்லை நீக்குதல், எஸ்.எம்.பி. முதல் தலைமுறையை மீண்டும் இயக்குதல், எல்லோருக்கும் முழு உரிமை அளித்தல் ஆகிய நான்கையும் தீர்வாக ஏற்க வேண்டாம்.

* ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். விற்பனை, சரக்கு, சம்பளம் எனக் கோப்புறைகளைப் பிரித்து, வேலைக்குத் தேவையானதை மட்டும் திறந்து வையுங்கள். பணியிலிருந்து விலகியவரின் கணக்கை அன்றே முடக்குங்கள்.

* வாடிக்கையாளர், ஊழியர் ஆகியோரின் ஆதார், பான் நகல்களைப் பொதுக் கோப்புறையில் வைக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கும் பொறுப்பை அவற்றைப் பெற்றவர் மீதே சுமத்துகிறது. இணைய வங்கிக் கடவுச்சொற்களை எக்செல் கோப்பில் எழுதிப் பகிர்வில் வைப்பது, கல்லாப்பெட்டியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

* பகிர்வு என்பது காப்பு நகல் ஆகாது. பிணைப்பணத் தீநிரல் எந்தக் கோப்புறையில் எழுத முடிகிறதோ, அதையெல்லாம் பூட்டிவிடும். வாரம் ஒரு முறையேனும் வெளி வட்டில் நகல் எடுத்து, எடுத்ததும் அவ்வட்டைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். மாதம் ஒரு முறை அந்நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலன்று.

* கோப்புகள் திடீரெனப் பெயர் மாறி, பணம் கேட்டு அறிவிப்பு வந்தால் உடனே வலையமைப்புக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். எதையும் அழிக்காமல், 1930 என்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் வலைவாசலிலோ புகார் செய்யுங்கள். நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வை ஆறு மணி நேரத்திற்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை கூறுகிறது. கிளைக்கும் தெரிவித்தால் இணைய வங்கி நுழைவை உடனே முடக்கி உதவுவோம்.

* பழுது நீக்கித் தருவதாகத் தொலைபேசியில் அழைக்கும் அறிமுகமற்றவருக்குத் திரைப் பகிர்வுச் செயலி வழியே கணினியைக் கொடுக்காதீர்கள். வங்கி அலுவலர் எவரும் உங்கள் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி. எண்ணையோ கேட்பதில்லை.

நிறைவாக

அன்று மாலை அக்கணக்கர் மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் அடைத்தார். ஃபயர்வாலை இயக்கி ஒரு முறை, கடவுச்சொல்லை மீட்டு ஒரு முறை, ‘எவ்ரிஒன்’ உரிமையை நீக்கி ஒரு முறை எனப் படிப்படியாகச் சோதித்தார். வலையமைப்பை ‘பிரைவேட்’ என மாற்றிய பின் ஒவ்வொரு முறையும் கோப்புறை திறந்தது. கடைசியாக, வழங்கிக் கணினியின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கணினிக்கு மேல் சுவரில் ஒட்டினார். கடவுச்சொல்லையும் அதில் எழுதப் போனவரை உரிமையாளரே தடுத்துவிட்டார்.

சரக்கிருப்பு அறிக்கை அன்றிரவே மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. நான்கு நாள் தாமதத்திற்குக் காரணமாக இருந்தவை ஓர் எண்ணும், வரிசையாகக் கேட்கப்படாத ஏழு கேள்விகளுமே. இப்பக்கத்தை வெட்டியெடுத்து உங்கள் அலுவலகக் கணினியின் அருகே வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கோப்புறை திறக்காதபோது, எந்தக் கதவையும் பெயர்ப்பதற்கு முன் முகவரியை ஒரு முறை சரிபாருங்கள்.